ஸ்குவாட்டா, லெக் எக்ஸ்டென்ஷனா? தொடைத் தசைகளின் அமைப்பைக் கொண்டு ஓர் அலசல்

தொடையை வளர்க்க, பாரத்தைச் சுமந்தபடி முழங்காலை மடக்கி இறங்கி எழும் ஸ்குவாட் ஒன்றே போதும் என்று ஒரு சாராரும், உட்கார்ந்தபடியே காலை நீட்ட லெக் எக்ஸ்டென்ஷன் இயந்திரம் இருக்கும்போது முதுகில் பாரம் ஏற்றுவானேன் என்று மறு சாராரும் உடற்பயிற்சிக் கூடங்களில் வாதிடுவது வழக்கம். ஒரு தசை எந்த எலும்பில் தொடங்குகிறது, எத்தனை மூட்டுகளைக் கடக்கிறது என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்புவதில்லை. எழுப்பினால் வாதத்தில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

தொடையின் முன்புறத்தில் உள்ள குவாட்ரிசெப்ஸ் நான்கு தசைகளின் தொகுதி. அவற்றில் மூன்று, அதாவது வெளிப்புறமும் உட்புறமும் நடுவிலும் அமைந்த வாஸ்டஸ் தசைகள், தொடை எலும்பிலேயே தொடங்குவதால் முழங்கால் மூட்டை மட்டுமே கடக்கின்றன. நான்காவதான ரெக்டஸ் ஃபெமோரிஸ் இடுப்பெலும்பில் தொடங்கி, இடுப்பு மூட்டையும் முழங்காலையும் கடந்து, மற்ற மூன்றோடும் சேர்ந்து முழங்காற்சில்லு வழியாகக் கீழ்க்கால் எலும்பில் முடிகிறது. இந்த ஒரு வேறுபாடுதான் இரண்டு பயிற்சிகளின் பலனையும் பிரிக்கிறது.

ஸ்குவாட்டில் கீழே இறங்கும்போது முழங்கால் மடங்குவது ரெக்டஸ் ஃபெமோரிஸை நீளச் செய்கிறது. அதே நேரத்தில் இடுப்பு மடங்குவது அதைச் சுருங்கச் செய்கிறது. ஆக மொத்தத்தில் அதன் நீளம் பெரிதாக மாறுவதில்லை. மேலும், எழும்போது அத்தசை வலுவாக இழுத்தால் அது இடுப்பை மடக்கவும் முயலும் என்பதால், பிட்டத் தசையின் வேலைக்கே அது எதிராகிவிடும். பின்தொடையின் ஹாம்ஸ்ட்ரிங் தசைகளுக்கும் இதே நிலைதான். பைசெப்ஸ் ஃபெமோரிஸின் குறுந்தலையைத் தவிர மற்றவையெல்லாம் இரு மூட்டுகளைக் கடப்பவை. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 10 வாரப் பயிற்சி ஆய்வு இதை உறுதி செய்தது. முழு ஸ்குவாட் செய்தவர்களுக்கும் அரை ஸ்குவாட் செய்தவர்களுக்கும் வாஸ்டஸ் தசைகள் வளர்ந்தன. ரெக்டஸ் ஃபெமோரிஸும் ஹாம்ஸ்ட்ரிங்கும் குறிப்பிடத்தக்க அளவில் வளரவில்லை. பிட்டத் தசையும் உட்தொடைத் தசைகளும் ஆழமாக இறங்கியவர்களுக்கே அதிகம் வளர்ந்தன. எனவே, ஸ்குவாட்டை ‘முழுக்கால் பயிற்சி’ என்று அழைப்பது சற்று மிகையான புகழ்ச்சி என்றே சொல்ல வேண்டும்.

லெக் எக்ஸ்டென்ஷனில் இடுப்பு அசைவதில்லை. முழங்கால் மட்டுமே நீள்கிறது. ரெக்டஸ் ஃபெமோரிஸ் தடையின்றிச் சுருங்க முடிவதால், ஸ்குவாட் விட்டுவைக்கும் பகுதியை இது நிரப்புகிறது. மற்றொரு சாதகமும் உண்டு: பாரமான ஸ்குவாட்டில் சில வேளைகளில் தொடை களைப்பதற்கு முன்பே கீழ்முதுகோ மூச்சோ களைத்துவிடும், இயந்திரத்திலோ களைப்பது தொடை மட்டும்தான். ஆனால் பிட்டத்துக்கும் உட்தொடைக்கும் முதுகுத் தசைகளுக்கும் அதனால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. முதுகெலும்பின் வழியாகவும் இடுப்பின் வழியாகவும் பாரம் இறங்காததால், அவ்வெலும்புகளை உறுதியாக்கும் தூண்டுதலும் அதில் இல்லை.

முழங்காலுக்கு எது பாதுகாப்பு என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. காலை நேராக நீட்டிய நிலையை 0 பாகை எனக் கொண்டால், ஸ்குவாட்டில் ஆழம் கூடக்கூட முழங்காற்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடுகிறது. லெக் எக்ஸ்டென்ஷனிலோ கால் நேராக நேராகத்தான் அது கூடுகிறது. அந்நிலையில் சில்லும் தொடை எலும்பும் தொடும் பரப்பு சிறியதாகிவிடுவதே காரணம். ஆகவே, சில்லுப் பகுதியில் வலி உள்ளவர்களுக்கு ஸ்குவாட்டை 0 முதல் 45 பாகை வரையிலும், இயந்திரத்தை 90 முதல் 45 பாகை வரையிலும் பயன்படுத்துவது பொருத்தமாக இருக்கும். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன்சிலுவைத் தசைநாரில் (ACL) அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, காலை முழுவதுமாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் இயந்திரம் அந்தத் தசைநாரை இழுப்பதால், மருத்துவரின் அனுமதியின்றி அதில் இறங்குவது கூடாது.

உட்கார்ந்து செய்வதால் இதயத்துக்குச் சுமை குறைவு என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. 1985இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்ற ஆண்கள் இரு கால்களாலும் லெக் பிரஸ் (பாரத்தைக் காலால் தள்ளும் இயந்திரப் பயிற்சி) செய்தபோது சராசரி இரத்த அழுத்தம் 320/250 மி.மீ. பாதரசம் வரை எகிறியது. அதுவும் முதுகு சாய்ந்த நிலையில் செய்யும் பயிற்சிதான். மூச்சை அடக்கிக்கொண்டு, இனி முடியாது என்ற எல்லை வரை தள்ளுவதே அந்த உயர்வுக்கு முக்கியக் காரணம். இரத்த அழுத்த நோய் உள்ளவர்கள் இயந்திரத்தை நம்புவதைவிட, பாரத்தைக் குறைத்து மூச்சைச் சீராக விடுவது மேல்.

பலம் கூடும் விதத்திலும் வேறுபாடு உண்டு. தொடக்க வாரங்களில் கூடும் பலத்தின் பெரும்பகுதி தசை பருப்பதால் வருவதன்று. நரம்பு மண்டலம் அதிகமான இயக்க அலகுகளை (ஒரு நரம்பணுவும் அது இயக்கும் தசை இழைகளும்) ஒருங்கே தூண்டக் கற்றுக்கொள்வதால் வருகிறது. அந்தக் கற்றல் பெரிதும் செய்த அசைவுக்கே உரியது. லெக் எக்ஸ்டென்ஷனில் இரட்டிப்புப் பாரம் தூக்கியவர் ஸ்குவாட்டில் அதே விகிதத்தில் முன்னேறியிருக்க மாட்டார்.

ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்குவாட்டையே தேர்ந்தெடுப்பேன். எழுவது, படியேறுவது, குதிப்பது ஆகியவற்றுக்கு அதுவே நெருக்கமானது. நேரம் கூடுதலாக இருந்தால், அடுத்து லெக் எக்ஸ்டென்ஷனையும் பாரத்துக்கு எதிராக முழங்காலை மடக்கும் லெக் கர்லை உட்கார்ந்து செய்யும் வகையிலும் சேர்த்துக்கொள்ளலாம். குப்புறப் படுத்துச் செய்யும் லெக் கர்லை நான் இரண்டாம் பட்சமாகவே வைப்பேன். இடுப்பு மடங்கியிருக்கும்போது ஹாம்ஸ்ட்ரிங் நீண்ட நிலையில் வேலை செய்கிறது. 2021இல் வெளியான 12 வார ஆய்வில் உட்கார்ந்து செய்த கால் 14 சதவீதமும் படுத்துச் செய்த கால் 9 சதவீதமும் ஹாம்ஸ்ட்ரிங் பருமன் கூடின. லெக் எக்ஸ்டென்ஷனில் இதே கணக்கைத் திருப்பிப் போட வேண்டும்: முதுகைப் பின்னால் சாய்த்து இடுப்பைத் திறந்து வைத்தால் ரெக்டஸ் ஃபெமோரிஸ் நீளும். ஆகவே, இருக்கையின் முதுகுப் பலகையை இயந்திரம் அனுமதிக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.