சிகாகோ மந்திரவாதியா, லண்டன் கான்ஸ்டபிளா?

சிங்கப்பூர் தேக்காவில் தே தாரிக் குடித்துக்கொண்டே நாங்கள் நாலு பேர் பேசிப் பேசித் தீராத விஷயம் இது: மந்திரம் தெரிந்த துப்பறிவாளர் கதையை முதன்முதலாகப் படிக்கிறவருக்கு ஜிம் புட்சரின் 'ஸ்டார்ம் ஃபிரண்ட்' (2000) கொடுப்பதா, பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) கொடுப்பதா?

வேகம் வேண்டுமென்றால் புட்சர்தான். அவருடைய சிகாகோ கதாநாயகன் ஹாரி டிரெஸ்டன் தொலைபேசிப் புத்தகத்திலேயே மந்திரவாதி என்று பெயர் போட்டிருப்பவர், வாடகை கொடுக்கவே திண்டாடுகிறார், இரண்டு பேர் இதயம் வெடித்துச் செத்துக் கிடக்கும் வழக்கு வந்ததும் கதை பிடித்துக்கொள்ளும், உட்லண்ட்ஸிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் தலை நிமிராமல் படித்தேன். ஆனால் பெண்களைப் புட்சர் வர்ணிக்கும் விதம் எங்களில் இரண்டு பேருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை, எனக்கும்தான். மூன்று நான்கு புத்தகம் பொறுத்தால் தொடர் நன்றாக வரும் என்பார்கள். சரி, புதியவரை அவ்வளவு நேரம் காக்க வைக்கலாமா?

ஆரனோவிச் மெதுவாகத்தான் போவார், நடுவில் கட்டடக் கதை, லத்தீன் மந்திரப் பாடம் என்று சுற்றுவார். ஆனாலும் அந்தத் தொடக்கம்! குளிரில் கொலை நடந்த இடத்தைக் காவல் காக்கும் கான்ஸ்டபிள் பீட்டர் கிராண்ட், சாட்சி சொல்ல வந்தவர் பேய் என்று தெரிந்தும் ஓடாமல் போலீஸ்காரராகவே விசாரிக்கிறார். அப்புறம் தேம்ஸ் நதி ஒரு நைஜீரிய அம்மாவாக வீற்றிருக்கும் காட்சி. காவிரியைத் தாய் என்று கும்பிடும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை. நான் இதைத்தான் கொடுப்பேன்.