பத்துக்குப் பன்னிரண்டு ஹாலும் ரெண்டர் தலைவலியும்

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் வீடுகளுக்கு இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறேன். கட்டட வடிவமைப்பு மென்பொருள் ஒன்றைச் சந்தா கட்டிப் பயன்படுத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. சுவர், அலமாரி, அளவு எல்லாம் சுலபம். வரைந்த அறையை ஒளி, நிழலோடு நிஜம் போலப் படமாக்கும் ரெண்டரில்தான் மனுஷனைப் படுத்துகிறது.

பயிற்சி வீடியோக்களில் வருவதெல்லாம் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி வைத்த பங்களா. சூரியனை வைத்தால் அறை நிறைந்துவிடும். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், ஹாலுக்கு வாசல் பக்கம் ஒரே ஒரு கிரில் ஜன்னல். அந்தச் சின்ன வழியில் வரும் ஒளியைத் தேடிப் பிடிப்பதற்குள் படம் முழுக்கப் புள்ளி. புள்ளியைப் பாதியாக்க வேண்டுமென்றால் சாம்பிளை, அதாவது ஒளியைத் தேடிப் பார்க்கும் தடவைகளை, நான்கு மடங்கு ஏற்ற வேண்டும், நேரமும் நான்கு மடங்கு போகும். டீநாய்சர் போட்டால் புள்ளி போய்விடும், சரி. மொசைக் தரையில் இருக்கும் கல்லும் கூடவே போய் வழவழவென்று சிமென்ட் பூசினாற்போல் ஆகிவிடும். சன்மைக்காவின் மர ரேகைக்கும் அதே கதிதான்.

ஜன்னல் கண்ணாடியை எடுத்துவிட்டு, வெளியே உள்நோக்கி, பலகை போல் பரந்து ஒளி தரும் ஒரு ஏரியா லைட் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். சுவருக்குச் சுத்த வெள்ளை கொடுக்காதீர்கள், 80 சதவீத வெண்மை போதும். ஒளி சுவரில் பட்டுத் திரும்பும் எண்ணிக்கையையும் பாருங்கள். பிளெண்டர் என்ற இலவச மென்பொருளின் ரெண்டர் இன்ஜினான சைக்கிள்ஸில், டிஃப்யூஸுக்கு (பளபளப்பில்லாத பரப்பில் சிதறும் ஒளிக்கு) அது 4 என்றுதான் இருக்கும். 8 ஆக்கினால் லாஃப்டுக்குக் கீழே இருக்கும் இருட்டு கொஞ்சம் விலகும்.

ட்யூப் லைட் தனிக் கதை. இங்கே வீட்டுக்கு வீடு 6500 கெல்வின் வெள்ளை வெளிச்சம்தான். மென்பொருளோடு வரும் விளக்குகளோ ஹோட்டல் மஞ்சள். அதை 6500-க்கு மாற்றினால் ஹால் ஆஸ்பத்திரி நீலமாகிறது. எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

கேமராவில் ஏற்கெனவே இருக்கும் அகல லென்ஸை நம்பவே நம்பாதீர்கள். பத்தடி ஹால் கல்யாண மண்டபம் போலத் தெரியும். வண்ணாரப்பேட்டை அக்கா ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி, இவ்ளோ இடம் இருந்தா நான் ஏன் வீடு மாத்தப் போறேன்?" என்று கேட்டார். கிளிப்பிங் போட்டுப் பின்சுவரை மறைத்து, கேமராவை வெளியே தள்ளி 28 எம்எம்மில் எடுத்தால் அறை அறையாகத் தெரிகிறது.

மாடல் தொகுப்பில் சோபா மட்டும் நூற்றுக்கணக்கில். ஸ்டீல் பீரோ, வெட் கிரைண்டர், சாமி அலமாரி எதுவும் கிடையாது, நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். வரைவதற்கு இந்த மென்பொருளில் குறை சொல்ல மாட்டேன். ரெண்டர் வசதிக்காகக் கூடுதலாகக் கட்டும் சந்தாவை மட்டும் நிறுத்திவிட்டு, மாடலை இலவச பிளெண்டருக்கு ஏற்றுமதி செய்துகொள்ளப் போகிறேன்.