பிள்ளையின் மேற்படிப்புக்கு: வங்கிப் புத்தகமா, பவுணா, மாட்டுப்பட்டியா?

அரச பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகும் பிள்ளையிடம் பட்டப்படிப்புக்கென்று கட்டணம் அறவிடாத நாட்டில், அதற்காக ஏன் சேமிக்க வேண்டும் என்று வன்னிப் பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. ஆனால் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் கேட்ட துறையும் பிள்ளையை மொறட்டுவைக்கோ மாத்தறைக்கோ அனுப்பினால், அறை வாடகை, சாப்பாடு, மடிக்கணினி, பஸ் செலவு எல்லாவற்றையும் மகாபொல உதவித்தொகை தாங்காது. அதற்கும் முன்னதாக உயர்தர வகுப்பின் ரியூசன் செலவு வந்து நிற்கும்.

சிறுவர் சேமிப்புக் கணக்கின் குறை இங்கேதான் தெரிகிறது. பிள்ளைக்கு 18 வயது நிரம்பும் வரை பொதுவாக அதில் கைவைக்க முடியாதென்பது பெற்றோரின் சபலத்துக்கு நல்ல பூட்டுத்தான். ஆனால் ரியூசனுக்குக் காசு தேவைப்படும் 16, 17 வயதிலும் அதே பூட்டுத் தொங்குகிறது. போதாக்குறைக்கு, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தை நெருங்கியபோது, வருடக்கணக்காகச் சேர்த்த வைப்பின் பெறுமதி கண்ணெதிரே கரைந்தது.

பவுணின் விலையோ ரூபாய் சரியச் சரிய ஏறியது. 2009 இல் போருக்குள் வீட்டையும் வயலையும் விட்டுவிட்டு மாட்டையும் அவிழ்த்துவிட்டு நடந்தவர்களிடம் மிஞ்சியது பெரும்பாலும் உடம்பில் கிடந்த நகைதான் என்பதால், இங்கே பவுண்மேல் இருக்கும் நம்பிக்கையை வெறும் ஆசை என்று தள்ளிவிட முடியாது. இருந்தாலும் காலபோக விதைப்புக்கு உழவுக்கூலியும் உரக்காசும் தேடும்போது முதலில் அடகுக்குப் போவதும் அதே நகைதான். வெள்ளம் பயிரை அழித்த வருடத்தில் அது மீளாமலே போய்விடும். பெண்பிள்ளையின் பவுணுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: படிப்புக்கென்று வாங்கியதையே சீதனக் கணக்கிலும் எழுதி வைத்திருப்போம். ஒரே சங்கிலியை இரண்டு தடவை எண்ணுவதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்.

மாடு கன்று போட்டுப் பெருகும், அவசரத்துக்கு விற்கவும் முடியும். ஆனால் மேய்ச்சல் தரவை சுருங்கிவரும் ஊரில் பட்டியை நம்பிப் பத்து வருடத் திட்டம் போடுவது கடினம். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் தந்த பேர்மிட் காணியை அனுமதியின்றி விற்க முடியாது. ஆகவே அதைப் படிப்புக்கான சேமிப்பாகக் கொள்வதில் பொருளில்லை.

என் தெரிவு இது: பல்கலைக்கழக காலத்துக்குப் பிள்ளை பிறந்த உடனே சிறுவர் கணக்கு, உயர்தரச் செலவுக்கு நெல் விற்ற கையோடு தாயின் பெயரில் தனியாக ஒரு வைப்பு, அடகுக்கும் சீதனத்துக்கும் போகாதென்று வீட்டில் எல்லோரும் ஒப்புக்கொண்டால் மட்டும் இரண்டொரு பவுண். பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைக்கும் இந்தக் காசு உதவும், ஏனென்றால் திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பதற்குக் கட்டணம் கட்டவேண்டும்.