குளச்சல் பக்கம் ஒரு சாளைச் சாப்பாடு

ரத்தத்துல டிரைகிளிசரைடுங்கிற கொழுப்பு ஏறிப்போச்சு, வாரம் ரெண்டு நாள் மீன் சாப்பிடுங்க, பொரிச்சது மட்டும் வேண்டாம்னு டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து ஹோட்டல் தேடுவதே எனக்கு வேலை. எங்கே போனாலும் சிவப்பு மசாலா பூசிய பொரிப்புதான்.

கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் துறைமுகத்துக்குக் கொஞ்சம் தள்ளி, பெயர்ப்பலகைகூட இல்லாத ஓட்டுக்கடை. மண்சட்டியில் சாளை (மத்தி மீன்) குழம்பு, பச்சைத் தேங்காய் அரைத்து, மாங்காய்க் கீற்று போட்டது. நடுமுள்ளே பல்லில் நொறுங்கும் அளவுக்கு வெந்திருந்தது. துப்பாமல் மென்றேன், கால்சியம் அதில்தானே இருக்கு! ஒமேகா-3 என்ற நல்ல கொழுப்பு, வைட்டமின் டி, பி12 எல்லாம் இந்த மலிவு மீனில் தாராளம். சின்ன மீன், ஆயுசும் குறைவு. அதனால் சுறா மாதிரி அதன் உடம்பில் பாதரசம் அதிகம் சேர்வதில்லை. நெய்மீனுக்கு (வஞ்சிரம்) காசைக் கொட்டுகிறவர்கள் யோசிக்கலாம்.

கூடவே மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), முருங்கைக்கீரைத் துவரன் (தேங்காய் போட்ட பொரியல்). துவரன் ஒரு கரண்டிதான்; இரண்டாவது கேட்டால் அக்கா முறைக்கிறார். சோறு மட்டும் மலைபோல் குவிக்கிறார்கள், நான் பாதியை எடுக்கச் சொல்லிவிட்டேன். குழம்பில் உப்பு தூக்கல். பிரஷர் இருக்கிறவர்கள் குழம்பைக் குறைத்து மீனை அதிகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

130 ரூபாய். ஒன்றரை மணிக்குள் போய்விடுங்கள். போன வாரம் இரண்டு மணிக்குப் போய் வெறும் ரசம் குடித்துவிட்டு வந்தேன்.