பிவிசியா, சிலிக்கானா, வெள்ளியா? குழந்தையின் ட்ராக்கியாஸ்டமி குழாயும் அதில் குடியேறும் பாக்டீரியாவும்

மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் துளையிட்டு வைத்த ட்ராக்கியாஸ்டமி குழாயோடு குழந்தையை வீட்டுக்கு அழைத்துவரும் பெற்றோர் பலரும் கேட்பது, "எந்தக் குழாயில் கிருமி பிடிக்காது?" என்று. அப்படி ஒரு குழாய் இல்லை. மூக்கு வடிகட்டி ஈரமாக்கித் தரும் காற்று இந்தக் குழந்தைகளுக்குக் கிடைப்பதில்லை. வெளிக்காற்று நேராக உள்ளே போகிறது. சளியும் எப்போதும் இருக்கும். சூடோமோனாஸ், ஸ்டாஃபிலோகாக்கஸ், க்ளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்கள் சில நாட்களிலேயே குழாயின் உட்சுவரில் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பிசுபிசுப்பான படலம் கட்டிக்கொள்கின்றன. நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தடவினால் வழுக்குமே, அந்த மாதிரி. பயோஃபிலிம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். தனியாக மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும் ஆண்டிபயாட்டிக் அளவு, படலத்துக்குள் இருக்கும் அதே பாக்டீரியாவுக்குப் போதாது. நூறு மடங்குக்கு மேல்கூட வேண்டியிருக்கலாம்.

அதனால் குழாய்களை ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து: படிந்ததை வீட்டில் இருப்பவர் எவ்வளவு சுலபமாக அகற்ற முடியும்?

பிவிசி குழாய் விலை குறைவு, சுலபமாகக் கிடைக்கும். புதிதாக இருக்கும்போது உடல் சூட்டுக்கு இளகி வளைந்து கொடுக்கும். ஆனால் அந்த இளக்கத்தைத் தரும் பொருள் நாளாக ஆகக் கசிந்து போவதால் குழாய் விறைக்கும். கொதிநீரில் போடக் கூடாது. எடுத்த குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: வளைவின் உட்பக்கத்தில் மஞ்சளும் பழுப்புமாக ஒரு பூச்சு தெரியும். குழந்தைகளின் சின்னக் குழாய்களில் பெரும்பாலும் கழற்றிக் கழுவும் உள்குழாய் கிடையாது, இடமில்லை. 3.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் படிந்தால் காற்று போகும் பரப்பு பாதியாகிவிடும். கிருமியைவிட எனக்குப் பயம் தருவது இந்தக் கணக்குதான்.

சிலிக்கான் மென்மையானது, விறைக்காது. தயாரிப்பாளர் அனுமதித்த வகைகளைக் கொதிநீரிலோ ஆட்டோகிளேவிலோ (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சுத்தம் செய்து, அவர்கள் சொன்ன எண்ணிக்கை வரை திரும்பப் போடலாம். விலை அதிகம். சிலிக்கானில் கிருமி ஒட்டாது என்று சிலர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை. குரல்வளை நீக்கப்பட்டவர்களுக்குப் பேசுவதற்காக வைக்கும் வால்வும் சிலிக்கான்தான். கேண்டிடா பூஞ்சை அதைச் சில மாதங்களிலேயே கசிய வைத்துவிடுகிறது. இன்னும் இரண்டு விஷயம்: கஃப் (மூச்சுக்குழலுக்குள் குழாயைச் சுற்றி உப்பும் சிறு பலூன்) உள்ள சிலிக்கான் குழாய் என்றால் காற்றுக்குப் பதிலாக ஸ்டெரைல் தண்ணீர் நிரப்பச் சொல்வது வழக்கம், ஏனென்றால் சிலிக்கான் வழியே காற்று மெல்லக் கசியும். சுருள்கம்பி வைத்த வகை என்றால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

உலோகக் குழாய்க்கு உள்குழாய் உண்டு, உருவிக் கழுவிப் போடலாம், பல வருடம் உழைக்கும். ஆனால் விறைப்பானது, கஃப் இல்லை, வழக்கமான வகைகளில் ஆம்பு பேகை (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) நேராக மாட்டவும் முடியாது. சின்னக் குழந்தைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்குக் கிருமி சாகும் என்பார்கள். ஆனால் ஜெர்மன் சில்வரில் செய்த குழாயில் வெள்ளியே கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம்தான். வெள்ளிப் பூச்சை முறையாகச் சோதித்த பெரிய ஆய்வு 2008-இல் வந்தது, பெரியவர்களுக்கு வாய்வழியாக மூச்சுக்குழலுக்குள் வைக்கும் குழாயில். நுரையீரல் தொற்று 7.5 சதவீதத்திலிருந்து 4.8 ஆகக் குறைந்தது, இறப்பு குறையவில்லை. சில நாள் இருக்கும் குழாய்க்குக் கிடைத்த பலனை வருடக்கணக்கில் இருக்கும் குழாய்க்கு நீட்டிச் சொல்ல முடியாது.

சரி, என்ன வாங்குவது? பணம் இருந்தால் சிலிக்கான், ஆனால் மாற்றுக் குழாயோடு சேர்த்து. ஒரே ஒரு சிலிக்கான் குழாயை வைத்துக்கொண்டு மாற்றுவதைத் தள்ளிப்போடுவதைவிட, பிவிசி வாங்கி நேரத்துக்கு மாற்றுவது எவ்வளவோ மேல். எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதில் மருத்துவமனைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை; வாரம் ஒருமுறை என்பவர்களும் மாதம் ஒருமுறை என்பவர்களும் உண்டு. சளி கெட்டியாக வரும் குழந்தைக்கு மாதம் என்பது நீளம் என்றே நினைக்கிறேன். கழுவும்போது முதலில் பச்சைத் தண்ணீர். சுடுநீர் பட்டால் சளி இறுகிவிடும். அப்புறம் சோப்பு, மென்மையான பிரஷ், நன்றாக அலசி முழுக்க உலர வைத்து மூடிய டப்பாவில். ஈரத்தோடு மூடினால் கழுவியது வீண்.

இதைவிட முக்கியமான தேர்வு கல்ச்சர் ரிப்போர்ட் (சளியில் என்ன கிருமி வளர்கிறது என்ற சோதனை முடிவு) வரும்போதுதான். ரிப்போர்ட்டில் 'சூடோமோனாஸ்' என்று பார்த்ததும் மருந்து கேட்பதா, பொறுப்பதா? குழந்தை வழக்கம்போல் விளையாடிச் சாப்பிடுகிறது என்றால் பொறுப்பதே சரி. இந்தக் குழாய் உள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கல்ச்சரில் ஏதாவது வளரத்தான் செய்யும். தேவையில்லாமல் கொடுக்கும் ஒவ்வொரு கோர்ஸும் மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்க்கும். காய்ச்சல், வேகமான மூச்சு, ஆக்சிஜன் குறைவது, சளியின் நிறமும் அளவும் திடீரென்று மாறுவது, இவை வந்தால் பொறுக்கக் கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். போகும்போது அவசரப் பையில் அதே அளவுக் குழாய் ஒன்றும், ஒரு அளவு சிறியது ஒன்றும் இருக்கட்டும்.