எட்டு மணி மாத்திரை எட்டு மணிக்கே

அம்மாவுக்குப் பார்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை அரை மணி நேரம் தள்ளிப்போனாலே கை நடுங்கும், கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். முதலில் சேர்த்த முதியோர் இல்லத்தில் இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. 8 மணி மாத்திரை 10 மணிக்கு வரும், கேட்டால், "வரிசையாகத்தானே கொடுக்க முடியும்?" என்பார்கள். அழைப்பு மணியை அழுத்திவிட்டு, கழிப்பறைக்குப் போக அம்மா 40 நிமிடம் காத்திருந்த அன்றே இடம் மாற்ற முடிவெடுத்தேன்.

இப்போதைய இல்லத்தில் 5 மாதம் ஆகிறது. சேர்த்த அன்றே செவிலியர் மாத்திரை நேரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார். புரதம் மிகுந்த உணவோடு கொடுத்தால் இந்த மருந்து சரியாக உடலில் சேராது என்பதை நான் வாய் திறப்பதற்கு முன் அவரே சொன்னார். பாதிக் கவலை அங்கேயே போயிற்று. மாத்திரையை விழுங்கிய பிறகுதான் பதிவேட்டில் கையெழுத்து, முன்கூட்டியே அல்ல. (ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன், வெட்கமில்லை.) போன வாரம் அம்மா தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டிருந்தார்.

அழைப்பு மணிக்குப் பகலில் இரண்டு மூன்று நிமிடத்தில் ஆள் வருகிறார். இரவில் 10 நிமிடம்கூட ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. அதற்காக இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.