வாட்ஸ்அப் குரூப்: பல வருஷம் ஓட்டிப் பார்த்த பிறகு

ஆபீசுக்கு ஒன்று, சொந்தக்காரர்களுக்கு ஒன்று, அபார்ட்மெண்டுக்கு ஒன்று, பிள்ளைகளின் வகுப்புக்கு ஒன்று. குரூப்பில் நேரம் போகிறது என்றுதான் எல்லாரும் புலம்புகிறார்கள். நேரம்கூடப் பரவாயில்லை. நேரில் பார்க்கும்போது பேச வேண்டிய சேதியைக் குரூப் முன்கூட்டியே தின்றுவிடுகிறது, பெரிய நஷ்டம் அதுதான். பரீட்சை மார்க் மதியமே குரூப்பில் வந்துவிட்டால், சாயங்காலம் வீடு திரும்பும் அப்பாவிடம் பிள்ளை சொல்ல என்ன மிச்சம்? அவரும் மதியமே கைதட்டும் படம் போட்டாயிற்று.

முதலில் ஆபீஸ். இரவு 9:40-க்கு மேனேஜர் "நாளைக்குள் ஸ்டாக் லிஸ்ட் முடிக்கணும்" என்று போடுகிறார். ஒருவர் "ஓகே சார்" என்றதும் வரிசையாக இருபது ஓகே. எந்த குடோன், எந்தத் தேதி வரைக்கும் என்ற சந்தேகம் நாலு பேருக்காவது இருக்கும். அத்தனை பேர் முன்னால் கேட்டால் விவரம் தெரியாதவன் என்று ஆகிவிடும், அதனால் யாரும் கேட்பதில்லை. மறுநாள் இரண்டு லிஸ்ட் இரண்டு விதமாக வந்து நிற்கும். இதையே நேரில் சொல்லியிருந்தால், முழிக்கிற முழியைப் பார்த்து "என்னப்பா, புரியலையா?" என்று அவரே கேட்டிருப்பார்.

அடுத்த தலைவலி நீல டிக். 2014-இல் வந்தது; இன்னமும் பாதிப்பேர் இதைத் தப்பாகத்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். குரூப்பில் எல்லாரும் படித்தால்தான் டிக் நீலமாகும். லீவில் போன ஒருத்தர் நெட்டை அணைத்துவைத்திருந்தால் போதும், சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அனுப்பிய மெசேஜை அழுத்திப் பிடித்து ‘இன்ஃபோ’ போனால் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்ற பட்டியல் வரும். பிரைவசி செட்டிங்ஸில் ரீட் ரிசீப்டை, அதாவது படித்ததைக் காட்டும் வசதியை, அணைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு ஒரு சேதி: அது தனிச் சாட்டுக்கு மட்டும்தான். குரூப்பில் செல்லாது, வாய்ஸ் மெசேஜுக்கும் செல்லாது. "11:05-க்கே பார்த்திருக்கீங்க, ஏன் பதில் இல்லை?" என்ற சண்டையெல்லாம் இந்தப் பட்டியலிலிருந்துதான் கிளம்புகிறது. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஒரு நொடி திறந்து மூடினாலும் ‘படித்தார்’ கணக்கில் சேர்ந்துவிடும்.

கோபத்தில் தட்டிவிட்டதைத் திருத்த 15 நிமிஷம் உண்டு, எல்லாருக்கும் அழிக்க இரண்டு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலாக உண்டு. ஆனால் திருத்தினால் ‘எடிட்டட்’ என்று காட்டும்; அழித்தால் அழித்த தடம் நிற்கும். என்ன போட்டு அழித்தான் என்ற ஊகம், போட்டதைவிட மோசமாகப் போகும். அந்த நேரத்தில் எழுந்து, யார்மேல் கோபமோ அவர் மேசைக்குப் போய் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வருவதுதான் சுலபம்.

நடைமுறையில் வேலைக்கு ஆவது இந்த ஏற்பாடு: அட்மின் மட்டும் அனுப்பும்படி செட் செய்த அறிவிப்பு குரூப் ஒன்று. தேதி, நேரம், லொகேஷன், பில் நம்பர் மாதிரி பிறகு தேடி எடுக்க வேண்டியவை மட்டும் அதில். ஓகே மழை நின்றுவிடும். ஆனால் கேள்வி கேட்கும் வழியும் சேர்ந்து அடைபடும், அதனால் காலையில் 10 நிமிஷம் நின்றபடியே ஒரு கூட்டம் கட்டாயம். கூட்டத்தை விட்டுவிட்டு குரூப்பை மட்டும் வைத்தால் நிலைமை முன்னைவிட மோசமாகும். தவறைச் சுட்டுவது, லீவ் மறுப்பது, சம்பளப் பேச்சு ஆகிய மூன்றும் எந்தக் குரூப்புக்கும் வரக்கூடாது.

வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. கல்யாணப் பத்திரிகையை பிடிஎஃப் ஆக்கிக் குரூப்பில் போட்டுவிட்டு "எல்லாரும் வந்துடுங்க" என்றால், பெரியப்பா வரமாட்டார். வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்து நீட்டாத பத்திரிகை அவர் கணக்கில் பத்திரிகையே இல்லை. "ஏன் எங்களைக் கூப்பிடலை?" "குரூப்ல போட்டேனே அத்தை!" இந்த உரையாடல் நடக்காத குடும்பம் அபூர்வம். முதலில் நேரில் அழைக்க வேண்டும், வெளியூர் என்றால் போனிலாவது. மண்டப லொகேஷனும் பிடிஎஃப்பும் அதற்குப் பிறகு, தனித்தனியாக. வரிசை மாறினால் மனஸ்தாபம்தான். சாவுச் செய்தி இன்னும் மோசம்: இரங்கல் வரிகளுக்கு நடுவே யாரோ ஒருவரின் காலை வணக்க ரோஜாப்பூ வந்து விழும். குரூப்பில் கைகூப்பிய படம் போட்டதோடு துக்கம் கேட்டாயிற்று என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு, போனைக் கவிழ்த்து வைப்பது பயன் தராது. வைப்ரேஷன் வந்ததும் கண் அங்கே போய்விடும். கையில் ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் கேட்கவே வேண்டாம். சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுங்கள். குரூப்பை ‘எப்போதும்’ என்று மியூட் செய்தாலும் யாராவது @ போட்டு உங்கள் பெயரைக் குறித்தால் சத்தம் வரலாம், இதை மறக்க வேண்டாம். அவசரத்துக்குப் போன் பண்ணச் சொல்லிவைத்தால் போதும்.

குரூப்பால் நன்மையும் உண்டு. காது மந்தமான தாத்தாவுக்கு எழுத்தில் வரும் சேதி பெரிய உதவி. டைப் அடிக்க வராத பாட்டிக்கு வாய்ஸ் மெசேஜ் சரியாகப் பொருந்துகிறது. அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவதைப் பேரன் 1.5 வேகத்தில் கேட்டுக்கொள்கிறான். சிங்கப்பூரில், வளைகுடாவில் இருப்பவர்களுக்கு வீட்டு நடப்பு தெரிவதும் இதனால்தான்.

தாங்க முடியாமல் குரூப்பை விட்டு வெளியேறுவதாக இருந்தால்: 2022-லிருந்து அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும். ஆனால் விலகியவர்கள் பட்டியலில் 60 நாள் வரை பெயர் இருக்கும், எந்த உறுப்பினரும் பார்க்கலாம். ஏதாவது ஒரு சித்தி கட்டாயம் பார்ப்பார். அதைவிட, குரூப்பை ஆர்க்கைவ் செய்து, அதாவது சாட் பட்டியலில் கண்ணில் படாமல் ஒதுக்கிவிட்டு, சாட் செட்டிங்ஸில் ஆர்க்கைவ் அப்படியே இருக்கட்டும் என்பதை ஆன் செய்துவைப்பதே மேல்.